தண்டுக் கிண்ணமும் தராசும்

திருப்பெரும்புதூர் என்றால் இராமாநுசர் பிறந்த தலம் என்பர் பெரியோர். ஒரகடம் என்றால் மோட்டார் கம்பெனிகள் என்பர் வேலை தேடும் இளைஞர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் நம் கல்லூரிக்கு வந்து போகும் எனக்கோ, அப்பகுதி கண்ணாடி பிறக்கும் இடமாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1665-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் தோன்றி, வெர்சேல்ஸ் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடிக் கூடத்திற்குக் கண்ணாடி செய்தளித்த செயின்ட் கோபைன் நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிய குழம்பை, உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்க விட்டுத் தட்டைக் கண்ணாடியாக இழுப்பது அங்குள்ள முறை. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை இது.

இவ்வாறு பிறந்த கண்ணாடியின் ஒரு முகம் வெள்ளீயத்தைத் தொட்டது, மறுமுகம் தொடாதது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் குற்றலை புற ஊதாக் கதிரைச் சாய்வாகப் பாய்ச்சினால், வெள்ளீயம் தொட்ட முகம் மட்டும் பால்போல் மங்கலாக ஒளிரும். கண்ணாடித் தொழிலில் உள்ளோர் இதை அன்றாடம் செய்து பார்க்கின்றனர். கண்ணாடி தான் பிறந்த விதத்தை மறைப்பதில்லை. கேட்கத் தெரிந்தவனுக்குச் சொல்லிவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பொருந்தும் இவ்வுண்மை, பழைய கண்ணாடிக் கிண்ணத்திற்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய முற்படுவது.

கிண்ணம் என்று நான் கூறுவது நாம் தண்ணீர் குடிக்கும் தம்ளரை அன்று. வட்டமான அடித்தட்டு, அதன்மேல் மெல்லிய தண்டு, தண்டின்மேல் குழிந்த கிண்ணம் என மூன்று உறுப்புகள் கொண்டது. ஆங்கிலேயர் விருந்து மேசையில் மது ஊற்றிக் குடித்தது. கடைக்காரர்கள் ‘ஒயின் கிளாஸ்’ என்று சொல்வார்கள்; நான் ‘தண்டுக் கிண்ணம்’ என்றே குறிப்பிடுகிறேன். மதுவிலக்கில் வளர்ந்த தலைமுறைகள் பல கண்ட நம் மாநிலத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். சென்னையில் துரைமார் வீடுகளிலும், செட்டிநாட்டு வளமனைகளிலும், ஜமீன் மாளிகைகளிலும் இவை இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றவர்கள், எனாமல் தூக்குகளுக்கும் மரப்பாச்சிகளுக்கும் இடையே இவை தூசி படிந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். 1985-இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டும் இத்தகைய பொருள்களின் சந்தையாக விளங்கியது.

இனி, இப்பொருளில் நான் இறங்கிய காரணத்தைச் சொல்கிறேன். ஒரகடம் சாலையில் என் தாய்மாமன் காயலான் கடை வைத்திருக்கிறார். தொழிற்பேட்டைகள் வளர வளர, சுற்றுவட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன. உத்தரமும் கதவும் பீரோவும் அவர் கடைக்கு வருகின்றன. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி விற்ற மரப் பீரோவின் அடித்தட்டில், 1958-ஆம் ஆண்டுத் தேதியிட்ட செய்தித்தாளில் சுற்றிய ஆறு தண்டுக் கிண்ணங்கள் இருந்தன. மூதாட்டியின் மாமனார் சென்னையில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவராம். துரை கப்பலேறும்போது கொடுத்துச் சென்றாராம். மாமா என்னை அழைத்தார். “மாப்ளே, ஒருத்தன் ஆறுக்கும் சேத்து இருநூறு ரூபா தரேங்கறான். இன்னொருத்தரு போன்ல போட்டோ பாத்துட்டு, இருநூறு வருசத்துப் பொருளு, அம்பதாயிரம் வரைக்கும் பேசலாங்கறாரு. எத நம்பறது?” என்றார். சற்று நின்று, “அந்தம்மா பீரோவத்தான் வித்தாங்க, கிளாஸ விக்கல. வெல இருந்தா அது அவங்களுக்குத்தான் போவணும்” என்றும் சொன்னார். இயற்பியல் படிக்கும் எனக்கு இதைவிட நல்ல தேர்வுக் கேள்வி கிடைக்காது என்று எண்ணினேன்.

முதலில் பொருள் எது என்று காண வேண்டும். கண்ணாடிகள் பலவகை. சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி என்பது பாட்டிலுக்கும் ஜன்னலுக்கும் உரியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்பார் 1674-இல் காப்புரிமை பெற்ற கண்ணாடி, காரீய ஆக்சைடு கலந்து பின்னர் செம்மையுற்றது. அதைத்தான் ‘கிரிஸ்டல்’ என்று உலகம் கொண்டாடுகிறது. காரீயம் கனமானது, ஆதலால் இக்கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 3 ஆகவும் அதற்கு மேலும் இருக்கும். சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடிக்கு அது சுமார் 2.5. ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் 1969-இல் வகுத்த விதிப்படி, நூற்றுக்கு 24 பங்கு காரீய ஆக்சைடும் 2.90 அடர்த்தியும் உள்ளதே காரீயக் கிரிஸ்டல்; முழுக் காரீயக் கிரிஸ்டலுக்கு 30 பங்கும் 3.00 அடர்த்தியும் வேண்டும்.

அடர்த்தியைக் காண ஆர்க்கிமிடீசைத் தவிர வேறு துணை வேண்டியதில்லை. மளிகைக் கடையில் உள்ளது போன்ற மின்னணுத் தராசு ஒன்றே போதும். கிண்ணத்தை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசின் மீது வைத்து, எடையைச் சுழியாக்குங்கள். கிண்ணத்தை நூலில் கட்டி, வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுதும் அமிழுமாறு பிடியுங்கள். தராசு இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் கிண்ணத்தின் பருமன். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். கிண்ணத்தைச் சாய்த்து இறக்க வேண்டும். கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று சிறைப்பட்டுக் கணக்கு கெட்டுவிடும். எங்கள் ஆறில் நான்கு கிண்ணங்கள் ஒவ்வொன்றும் 186 கிராமை ஒட்டி நின்றன. நீரில் 61 கிராம் காட்டின. அடர்த்தி 3.05. மற்ற இரண்டும் 214 கிராம், நீரில் 86. அடர்த்தி 2.49. பார்வைக்கு ஒரே குடும்பமாக இருந்த ஆறும், தராசில் ஏறியதும் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்துவிட்டன.

விரலால் சுண்டிப் பார்த்து, மணியோசை வந்தால் கிரிஸ்டல் என்று தீர்ப்புக் கூறுவோர் உண்டு. காரீயக் கண்ணாடி நெடுநேரம் ஒலிப்பது உண்மையே. ஆனால் குட்டையும் தடிமனுமான கிண்ணம் காரீயம் கலந்ததாயினும் ஊமையாக இருக்கும். காரீயமே இல்லாமல் பேரியம் முதலியன கலந்து செய்யும் இக்காலக் கிண்ணமும் இனிமையாக ஒலிக்கும். செவியை விடத் தராசு நம்பத்தக்கது.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கும் நல்ல துணை. இருட்டறையில் காட்டினால், காரீயக் கண்ணாடி பெரும்பாலும் நீலச் சாயலில் தோன்றும். நிறம் போக்குவதற்காக மாங்கனீசு சேர்த்த பழைய சோடாக் கண்ணாடி மங்கிய பச்சையாகத் தெரியும். யுரேனியம் சேர்த்த மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளோ கண்ணைப் பறிக்கும் பச்சையில் சுடர்விடும். மாங்கனீசுக் கண்ணாடி பல்லாண்டு வெயில் பட்டால் வெளிர் ஊதா நிறம் கொள்ளும் என்பதும் உண்மை. இதையறிந்த சிலர், கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அடர் ஊதாவாக்கிப் பழமை என்று விற்கின்றனர்!

எனினும் நண்பர்களே, இவ்வளவும் பொருளைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. நேற்றுச் செய்த கிண்ணத்திலும் காரீயம் இருக்கலாம். வயதை அறியச் செய்முறையைப் படிக்க வேண்டும். எப்போதும் அடியிலிருந்து மேலே செல்வதே சிறந்தது என்பது என் கருத்து. ஏனெனில் விற்பவன் மேலிருந்து காட்டுவான். பூவேலையையும் பொன் விளிம்பையும் முன்னிறுத்துவான்.

கிண்ணத்தைக் கவிழ்த்து அடித்தட்டின் நடுவைத் தடவிப் பாருங்கள். ஊதுகுழலில் ஊதிச் செய்த கிண்ணத்தின் வாயைச் செம்மை செய்ய, அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்து கோலை முறித்தெடுத்த இடத்தில் கொப்பூழ் போல ஒரு தழும்பு நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அத்தழும்பு கரடாகவே விடப்பட்டது. பின்னர் அதைத் தேய்த்து மெருகிட்டு ஆழமில்லாத குழியாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடித்தட்டையே கவ்விப் பிடிக்கும் வில்லிடுக்கி வந்தது. அதன்பின் தழும்புக்கே வேலையில்லை. ஆகவே ஓர் ஆங்கிலத் தண்டுக் கிண்ணத்தில் தழும்பும் இல்லை, தேய்த்த குழியும் இல்லை என்றால், அது இருநூறு ஆண்டுப் பொருளாக இருத்தல் அரிது. தழும்பு இருந்தால் பழமை உறுதி என்று தலைகீழாகவும் கொண்டுவிடக் கூடாது. கையால் ஊதிச் செய்யும் பட்டறைகள் இன்றும் உலகில் பல உள. நம் நாட்டுப் பிரோசாபாத்தும் கைத்தொழில் மரபு மாறாத ஊரே. தழும்பு இன்றும் பிறக்கிறது.

அடித்தட்டின் விளிம்பையும் நோக்குக. பழைய ஆங்கிலக் கிண்ணங்கள் சிலவற்றில் விளிம்பு, வேட்டிக் கரையை மடித்துத் தைத்தது போல உட்புறம் மடிந்திருக்கும். உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 1745-இல் இங்கிலாந்து அரசு கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி விதித்தது. கண்ணாடி மிகுந்தால் வரி மிகும் என்பதால் மடிப்பு அருகியது, தண்டு மெலிந்தது, கனத்தால் காட்ட முடியாத அழகைத் தண்டினுள் காற்றுப் புரிகளாலும் வெண்ணிற நூற்புரிகளாலும் காட்டினர். 1845-இல் வரி நீங்கியதும் கண்ணாடி மீண்டும் தடித்து, ஆழமான வெட்டுவேலை பெருகியது. ஒரு நாட்டின் வரிச் சட்டம் மேசைக் கிண்ணத்தின் இடையையே மாற்றியது என்பது பொருளாதார மாணவர்கள் சுவைக்க வேண்டிய செய்தியாகும்.

அடுத்து, தேய்மானம். அடித்தட்டில் மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் கீறல்கள் இருக்க வேண்டும். அவை நீண்டும் குறுகியும், எல்லாத் திசைகளிலும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க வேண்டும். பல்லாண்டுக் காலம் எடுத்தும் வைத்தும் வந்த கோடுகள் அவை. உப்புத்தாளில் தேய்த்த போலியில் கோடுகள் ஒரே சீராக ஒரே திசையில் ஓடும். மேசையைத் தொடாத இடத்திலும் இருக்கும். தாவரவியல் துறையில் பூவிதழ் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும், இவ்வேறுபாட்டைக் காண.

பிறகு தண்டு. இருபுறமும் எதிரெதிராக மேலிருந்து கீழ் ஓடும் மெல்லிய கோடு தென்பட்டால், அச்சில் அழுத்திச் செய்தது என்று பொருள். அச்சழுத்தம் அமெரிக்காவில் 1820-களில் தொடங்கி உலகெங்கும் பரவியது. சூடு காட்டி மெருகேற்றிய அச்சுக் கிண்ணத்தில் கோடு மங்கியிருக்கும். நகத்தால் குறுக்கே வருடினால் விரலுக்குத் தட்டுப்படும். கிண்ணத்தின் வாய்க்கும் ஒரு கதை உண்டு. இயந்திரத்தில் செய்த மலிவுக் கிண்ணத்தின் வாயில் மணி கோத்தது போன்ற சிறு தடிப்பு வட்டமாக ஓடும். வாய் உடைந்த பழைய கிண்ணத்தைத் தேய்த்துக் குறுக்கியிருந்தாலோ, விளிம்பு தட்டையாகவும் கூராகவும், கிண்ணம் தண்டுக்குப் பொருந்தாமல் குட்டையாகவும் காணப்படும். ஆறு கிண்ணங்களை வரிசையாக நிறுத்திக் கண்மட்டத்தில் பார்த்தால், குறுகியது தானே காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரையைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வேன். ஏனெனில் போலி செய்பவனுக்கு மிக எளியது அதுதான். ரப்பர் முத்திரையும் சிறிது அமிலமும் இருந்தால் எந்தக் கிண்ணத்தையும் எந்த ஊரிலும் பிறக்க வைக்கலாம். முத்திரைக்கும் தேதி உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1764-இல் தொடங்கிய பிரான்சின் பக்காரா தொழிலகம், தன் பொருள்கள் அனைத்திலும் அமில முத்திரை இடத் தொடங்கியது 1936-இல். சென்னையில் ஒரு கடையில், வட்டத்துக்குள் அம்முத்திரை தெளிவாக இருந்த கிண்ணத்தை எடுத்துக் காட்டி, “1880-ல செஞ்சதுங்க, முத்திரையைப் பாருங்க” என்றார் ஒருவர். முத்திரையைப் பார்த்ததால்தான் அது 1880 அன்று என எனக்குத் தெரிந்தது. அவ்வாறே, ரெனே லாலிக் என்னும் கலைஞர் 1945-இல் மறைந்தபின் செய்யப்பட்டவற்றில் பெயரின் முதலெழுத்தாகிய ‘ஆர்’ இராது. அதைப் பின்னால் பொறித்துச் சேர்ப்போர் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது என்ற ஒட்டுச்சீட்டு இருந்தால் 1918-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. அந்நாடே அப்போதுதான் பிறந்தது. வரலாற்று மாணவர்கள் இத்துறையில் எங்களைவிட வல்லவர்களாக விளங்கலாம்.

முத்திரையே இல்லாத கண்ணாடியிலும் ஊரைக் கண்டறிய முடியும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளோடு, விலா எலும்பு போல் வரியோடிய கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டும் கிடைத்தது. அதே அரிக்கமேட்டில் உள்ளூரார் மணிகளுக்கெனக் கண்ணாடி உருக்கினர். கடல் கடந்து வந்தது எது, இங்கே பிறந்தது எது என்பதை இன்று ஆய்வாளர் வேதியியல் சேர்மானத்தால் பிரித்துக் காட்டுகின்றனர். நம் நாட்டுப் பழங்கண்ணாடி பலவற்றில் அலுமினா மிகுந்திருக்கும். ரோமானியக் கண்ணாடியில் அது குறைவு. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் பாடியிருப்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவர். அரசனுக்குப் பொற்கலம், கண்ணாடிக் கிண்ணம் யாருக்கு வந்ததோ!

எங்கள் ஆறு கிண்ணங்களுக்கு வருவோம். அடர்த்தி மிகுந்த நான்கில் தழும்பும் இல்லை, குழியும் இல்லை. கிண்ணத்தின் பக்கத்தில் பெரணி இலை வேலைப்பாடு. உருப்பெருக்கியில் அது சுழலும் செப்புச் சக்கரத்தால் அரக்கிய நுண்கோடுகளாகத் தெரிந்தது. பெரணி வேலைப்பாடு விக்டோரியா அரசி காலத்தின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பித்துப் பிடித்தாற்போல் பரவிய ஒன்று. அடித்தட்டில் கீறல்கள் நாற்புறமும் ஓடின. செய்தித்தாள் 1958-ஐச் சேர்ந்தது. அது கிண்ணத்தின் பிறப்பைச் சொல்லாது, அதற்குமுன் சுற்றப்படவில்லை என்பதை மட்டும் சொல்லும். ஆகவே இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திற்கும் இடைப்பட்டவை எனக் கொள்வது பொருந்தும். பட்லர் கதையும் அதனோடு முரண்படவில்லை. அடர்த்தி குறைந்த இரண்டில் தண்டு நெடுக அச்சுக்கோடு ஓடியது. உடைந்த இரண்டிற்கு ஈடாக யாரோ பிற்காலத்தில் வாங்கிச் சேர்த்தவை போலும். இருநூறு ஆண்டு என்ற பேச்சுக்கும் இருநூறு ரூபாய் என்ற பேச்சுக்கும் ஒருசேர முடிவு கட்டியாயிற்று. அடியில் தழும்பில்லை என்று மாமா சொன்ன பிறகு, தொலைபேசியில் பேசியவர் மறுபடி அழைக்கவில்லை. மூதாட்டி நான்கையும் திருப்பி வாங்கிக்கொண்டார். “எம் பேத்தி கல்யாணத்துல பாயசம் ஊத்தலாம்” என்றாராம்.

அவ்வாறு செய்வதில் தவறில்லை. ஒருவேளை ஊற்றிக் குடிப்பதால் தீங்கு வராது. ஆனால் காரீயக் கண்ணாடியில் எலுமிச்சைச் சாறு, மது போன்ற புளிப்புப் பானங்களை நாட்கணக்கில் வைத்திருந்தால் காரீயம் கசியும். காயலான் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த காரீயக் கிண்ணத்தைச் சாதாரணப் பாட்டில் சில்லுகளோடு கலக்கலாகாது. உருக்காலைக்குப் போகும் சில்லில் வேறு கண்ணாடி கலந்தால் அந்த உருக்கே கெடும். ஆய்வகத்து போரோசிலிகேட் குடுவைக்கும் இதுவே விதி.

நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்றுச் சிறப்புள்ள பொருள்களை நடுவணரசின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டு உறவினருக்கு ‘இருநூறு வருடக் கிண்ணம்’ என்று எழுதிப் பார்சல் கட்டுபவர் இதை நினைவிற் கொள்க. வீட்டில் வைத்துக்கொள்பவர்கள், யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எதனுள் சுற்றி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கிண்ணத்தோடு வைக்க வேண்டும். சுற்றிவந்த செய்தித்தாளையும் எறியக் கூடாது. உள்ளே வெண்படலம் படிந்திருந்தால் சிறிது வினிகர் ஊற்றி வைத்துப் பாருங்கள். உப்புநீரின் கறையானால் போய்விடும். போகாவிட்டால், ஈரத்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து இருப்பதையும் கெடுக்க வேண்டாம். துடைக்கும்போது ஒரு கையால் அடித்தட்டைப் பிடித்து மறு கையால் கிண்ணத்தைத் திருகுவது நம் வழக்கம். நூறாண்டு தாங்கிய தண்டுகள் அத்திருகலில்தான் முறிகின்றன. கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தியே கிண்ணத்தைத் துடையுங்கள். அடித்தட்டைத் தனியே துடையுங்கள்.